பேனல் மரவீடு: எப்படி எழுகிறது, எங்கே பழுதாகிறது?

லாரியில் வந்து இறங்கும் சுவர்களை நான்கைந்து பேர் தூக்கி நிறுத்தி, பொழுது சாய்வதற்குள் கூரை வரை முடித்துவிடும் காணொளிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். மாதக்கணக்கில் செங்கல் அடுக்கிக் கட்டுவது வீண் வேலை என்கிறார்கள் சிலர். இவ்வளவு சீக்கிரம் எழும் வீடு அதே வேகத்தில் விழுந்தும்விடும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு முடிவுக்குமே சான்று கிடைக்கும் என்பதுதான் குழப்பத்தின் காரணம். போலந்தின் தலைநகரான வார்சாவில் 1945ஆம் ஆண்டு தற்காலிகக் குடியிருப்பாக நிறுத்தப்பட்ட மரப்பேனல் வீடுகளில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள ஜூனோ நகரிலோ, நவீன ஆலையில் செய்த பேனல்களைக் கொண்டு வேய்ந்த கூரைகள் சில, கட்டிய சில ஆண்டுகளிலேயே மக்கிப்போயிருந்தது 2001 வாக்கில் தெரியவந்தது. இரண்டிலும் பொருள் மரம்தான். இரண்டும் குளிர்ப் பகுதிகள்தான். பேனலின் வலிமையை வைத்து மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. ஒரு பேனல் இன்னொரு பேனலைத் தொடும் கோட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எது பேனல் வீடு, எது அல்ல

ஆலையில் முன்கூட்டியே வேலை செய்து அனுப்பப்படும் வீடுகள் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவை மூன்று வகைப்படும். முதல் வகையில் மரத்தைத் தேவையான நீளங்களில் அறுத்து, எண்ணிட்டு அனுப்புவார்கள். அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அஞ்சல்வழிப் பட்டியல் மூலம் விற்ற வீடுகளில் பெரும்பாலானவை இத்தகையவை. அங்கே மனையில் மிச்சப்பட்டது அறுக்கும் வேலை மட்டும்தான். தச்சு வேலை முழுவதும் மனையில்தான் நடந்தது. இரண்டாவது வகையில் சுவர், தரை, கூரை ஆகியவை தட்டையான பேனல்களாக வந்து சேர்ந்து, மனையில் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. மூன்றாவது வகையில் அறையே முழுப் பெட்டியாக வருகிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

பேனல்களிலும் வேறுபாடுகள் உண்டு.

1. திறந்த பேனல்: 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிறுத்திய மரச்சட்டங்களின் வெளிப்பக்கத்தில் மட்டும் பலகை அடிக்கப்பட்டிருக்கும். வயர், குழாய், வெப்பத்தடுப்புப் பஞ்சு, உட்பக்கப் பலகை எல்லாம் பிறகு மனையில் சேரும்.

2. மூடிய பேனல்: இவை அனைத்தும் ஆலையிலேயே முடிந்து, சன்னலும் பொருத்தப்பட்டு, இருபுறமும் மூடி வரும். ஸ்வீடனில் தனி வீடுகளில் பெரும்பான்மை ஆலைத் தயாரிப்புகளாக இருப்பதற்கு இத்தகைய பேனல்கள் முக்கியக் காரணம்.

3. நுரை பேனல்: இரண்டு பலகைகளுக்கு நடுவே தெர்மோகோல் போன்ற நுரையை ஒட்டிச் செய்வது, கட்டுமானத் துறையில் எஸ்.ஐ.பி. எனப்படுகிறது. இருபுறப் பலகைகள் பெரும்பாலும் ஓ.எஸ்.பி., அதாவது மரச்சீவல்களைப் பிசினில் தோய்த்து அழுத்திய பலகை. உள்ளே மரச்சட்டம் இருக்க வேண்டியதில்லை. பலகையும் நுரையும் ஒட்டிக்கொண்டு ஒரே உறுப்பாகச் சுமையைத் தாங்குகின்றன. அமெரிக்க அரசின் மேடிசன் வனப்பொருள் ஆய்வகம் 1930களில் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த இந்த முறைக்கு, 1952இல் கட்டடக் கலைஞர் ஆல்டன் டவ் நுரையை நடுவே வைத்து இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்.

4. திண்ம மரப் பேனல்: பலகை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி ஒட்டிய தடித்த சுவர், சி.எல்.டி. எனப்படுவது. சிறு வீட்டுக்கு இது பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய பொருள்.

பழைய யோசனை, பழைய சிக்கல்

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்பவர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றை மறைக்கிறார்கள். லண்டனைச் சேர்ந்த தச்சர் ஹென்றி மேனிங், ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறவிருந்த தன் மகனுக்காக 1830 வாக்கில் ஒரு வீட்டைச் செய்தார். காடி எடுத்த தூண்களை நிறுத்தி, அவற்றுக்கு இடையே ஒரே அளவிலான பேனல்களைச் செருகுவது அவருடைய முறை. எந்தப் பேனலும் எந்த இடத்திலும் பொருந்தும். எந்த உறுப்பும் ஓர் ஆள் தூக்கும் எடையைத் தாண்டாது. கப்பலில் ஏற்றி, இறங்கிய துறைமுகத்திலிருந்து சுமந்து சென்று, தச்சர் இல்லாத ஊரில் நிறுத்த வேண்டிய வீட்டுக்கு இந்த இரண்டு விதிகளும் போதுமானவையாக இருந்தன. 1885இல் ஆன்ட்வெர்ப் நகரில் செஞ்சிலுவை இயக்கம் நடத்திய போட்டியில், பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய மருத்துவமனைக் கொட்டகைக்கான பரிசை டோக்கர் என்பவரின் முறையில் செய்த பேனல் கட்டடம் பெற்றது. அதைத் தயாரித்த கிறிஸ்டோஃப் அண்ட் உன்மாக் நிறுவனம் பின்னர் ஜெர்மனியின் நீஸ்கி நகரில் மரவீட்டு ஆலையாக வளர்ந்தது. அங்கே தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த கான்ராட் வாக்ஸ்மன்தான், 1929இல் காபுட் கிராமத்தில் ஐன்ஸ்டீனுக்கு ஏரிக்கரைக் கோடைவீட்டை மரத்தில் வடிவமைத்தவர்.

வாக்ஸ்மன் அமெரிக்காவுக்குப் போன பிறகு, 1940களில் இன்னொரு கட்டடக் கலைஞரான வால்டர் குரோப்பியஸுடன் சேர்ந்து ஒரு பேனல் வீட்டு முறையை உருவாக்கினார். அவருடைய கவனத்தின் பெரும்பகுதி சுவரின் மீது இல்லை. சுவர்கள் சந்திக்கும் இடத்தின் மீது இருந்தது. பேனலின் விளிம்புக்குள் மறைந்திருக்கும் உலோக ஆப்பு, செங்குத்தாகவும் கிடையாகவும் எந்தத் திசையில் வரும் பேனலையும் ஒரே முறையில் பிடித்துக்கொள்ளும். பொறியியல் நோக்கில் இது அபாரமான தீர்வு. ஆனால் அதைத் தயாரிக்க நிறுவிய கலிஃபோர்னிய ஆலையிலிருந்து இருநூறுக்கும் குறைவான வீடுகளே வெளிவந்தன. 1950களின் தொடக்கத்தில் நிறுவனம் முடிந்துபோனது. இணைப்புதான் உயிர்நாடி என்று அவர் கண்டுகொண்டது சரி. இணைப்பைத் தீர்த்துவிட்டால் வீடு தானே விற்றுவிடும் என்று நம்பியதுதான் தவறு. அதன் காரணத்தைச் செலவுக் கணக்கில் பார்க்கலாம்.

ஒரு சிறு வீட்டில் எத்தனை மீட்டர் இணைப்பு?

எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 48 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 516 சதுர அடி. வெளிச்சுவரின் சுற்றளவு 28 மீட்டர். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் பேனலின் அளவு 1.22 மீட்டருக்கு 2.44 மீட்டர், நாம் நான்குக்கு எட்டடி என்று சொல்லும் அதே பிளைவுட் அளவு. எனவே வெளிச்சுவருக்கு 23 பேனல்கள் வேண்டும்.

ஒவ்வொரு பேனலுக்கும் அடுத்ததற்கும் இடையே 2.44 மீட்டர் செங்குத்து இணைப்பு இருப்பதால், 23 இணைப்புகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். சுவர் அடித்தளத்தைத் தொடும் கோடு 28 மீட்டர். கூரையைத் தொடும் கோடு இன்னொரு 28 மீட்டர். ஆக, கூரையின் சொந்த இணைப்புகளைச் சேர்க்காமலே 112 மீட்டர் இணைப்பு இந்தச் சிறு வீட்டில் இருக்கிறது. அவ்வளவு நீளத்திலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி அடைபடாமல் விடுபட்டால், அந்தக் கீறல்களின் மொத்தப் பரப்பு 1,120 சதுர செ.மீ. வரும். சுவரில் ஓரடிக்கு ஓரடியைவிடச் சற்றுப் பெரிய ஓட்டையைத் திறந்து வைத்ததற்கு அது சமம். கண்ணில் படும் ஓட்டையாக இருந்தால் அன்றே அடைத்திருப்பார்கள். 112 மீட்டரில் பரவிக் கிடப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

இணைப்பைக் குறைக்க வழி உண்டா என்றால், பேனலைப் பெரிதாக்கலாம். எட்டு மீட்டர் சுவரை ஒரே பேனலாகச் செய்தால் செங்குத்து இணைப்புகள் நான்கு மூலைகளில் மட்டும் மிஞ்சும். 56 மீட்டர் பத்து மீட்டராகச் சுருங்கிவிடும். ஆனால் 1.22 மீட்டர் நுரை பேனல் ஐம்பது கிலோ அளவில் இருப்பதால் இருவர் தூக்கிவிடலாம். சன்னலும் உட்பலகையும் சேர்ந்த எட்டு மீட்டர் மூடிய சுவரோ ஒரு டன்னை நெருங்கும். அதற்குக் கிரேன் வேண்டும், கிரேன் நிற்கக் கெட்டியான தரை வேண்டும், நீண்ட லாரி திரும்பும் சாலை வேண்டும். மலைச்சரிவிலோ குறுகிய தெருவிலோ மனை வைத்திருப்பவருக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மட்டம் பிசகினால்

செங்கல் சுவரில் அஸ்திவாரத்தின் சிறு பிசகைக் கொத்தனார் கலவையின் தடிமனில் சரிக்கட்டிவிடுவார். பேனலில் அதற்கு இடமில்லை. ஒரு பேனலின் அடியில், 1.22 மீட்டர் அகலத்துக்குள் ஒரு மூலை 5 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேனலின் உயரம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே உச்சியில் அது 10 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கும். அடுத்த பேனல் நேராக நின்றால் இரண்டுக்கும் நடுவே கீழே ஒட்டியும் மேலே விரிந்தும் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியை மூட அடுத்த பேனலையும் சாய்த்தால், சாய்வு சுவர் நெடுகப் பயணம் செய்து கடைசி மூலையில் போய் வெளிப்படும்.

அதனால் மட்டம் பார்ப்பதிலும் மூலை பார்ப்பதிலும் செலவிடும் நேரம் இந்த வேலையில் வீணாவதே இல்லை. எட்டுக்கு ஆறு மீட்டர் வீட்டில் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் சரியாகப் பத்து மீட்டர் வர வேண்டும். கொத்தனார்கள் கயிறு பிடித்துப் பார்க்கும் 3-4-5 கணக்கின் இரட்டிப்புதான் இது. ஒரு பக்கம் பத்து மீட்டருக்குக் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வந்தால் மூலைகள் செங்கோணத்தில் இல்லை என்று பொருள். அப்போது சுவரைத் தொடக்கூடாது. அஸ்திவாரத்தின் மேல் படுத்துப் பேனல்களைத் தாங்கும் அடிச்சட்டத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

இன்னொன்றும் அஸ்திவாரத்தோடு முடிவாகிவிடுகிறது. மரம் மண்ணிலிருந்து குறைந்தது 20 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஈரத்தடுப்புத் தாள் வேண்டும். கான்கிரீட் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். காணொளிகளில் இந்தத் தாளை விரிப்பதை அநேகமாகக் காட்டுவதில்லை.

பொருத்தும் வரிசை

1. அடிச்சட்டத்தை அஸ்திவாரப் போல்ட்டுகளால் இறுக்குவது. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளின்படி அரை அங்குல போல்ட்டுகள் 1.8 மீட்டருக்கு மிகாத இடைவெளியிலும், ஒவ்வொரு சட்டத்தின் முனையருகிலும் இருக்க வேண்டும்.

2. ஒரு மூலையில் இரண்டு பேனல்களைச் செங்கோணத்தில் நிறுத்தி, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, சாய்வுக் கட்டைகளால் தாங்கிப் பிடிப்பது. இந்த மூலை நேராக நின்றுவிட்டால் மற்றவற்றுக்கு அதுவே அளவுகோல்.

3. அந்த மூலையிலிருந்து இரு திசைகளிலும் சுவரை நீட்டிக்கொண்டு போவது. ஒவ்வொரு இணைப்பிலும் பசையோ நுரையோ போட்ட பிறகுதான் அடுத்த பேனலை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு உள்ளே போட முடியாது. இணைப்புக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் 23 இணைப்புகளில் 23 மில்லிமீட்டர் சேர்ந்து, கடைசிப் பேனல் உள்ளே நுழையாது. அதை அறுத்துச் சிறிதாக்கலாம் என்று தோன்றும். அறுத்த விளிம்பில் ஆலைப் பூச்சு இருக்காது என்பதால், ஈரம் முதலில் குடிப்பது அந்த விளிம்பாகத்தான் இருக்கும்.

4. மேல்சட்டத்தை, அதன் மூட்டுகள் பேனல் இணைப்புகளுக்கு நேர் மேலே வராதபடி தள்ளிப் பதிப்பது. தனித்தனியாக நின்ற பேனல்கள் ஒரே சுவராக மாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

5. முகட்டு உத்திரத்தை ஏற்றி, கூரைப் பேனல்களைப் பதித்து, சுவரோடு உலோகப் பட்டைகளால் பிணைப்பது.

6. வெளிப்புறத்தில் மழைத்தடுப்புத் தாள், சன்னல்களைச் சுற்றித் தகடு, பிறகு மேற்பலகை.

மர உறுப்புகள் நிறுத்திய பிறகும் அசையும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில் சுருங்கும். ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அகலமோ தடிமனோ கால் விழுக்காடு அளவு குறையும் என்பது பொதுக்கணக்கு. 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிடைச்சட்டங்கள் மூன்று ஒன்றின்மேல் ஒன்றாக இருந்து, 19 விழுக்காடு ஈரத்தோடு வந்து 9 விழுக்காட்டுக்குக் காய்ந்தால், வீடு மூன்று மில்லிமீட்டர் அளவு கீழே இறங்கும். உட்பலகைகளில் மயிரிழை விரிசல் விழுவதும் கதவு பிடிப்பதும் இதனால்தான். சுவர் பழுது என்று பதற வேண்டியதில்லை. எதிர்த்திசையிலும் இதே அசைவு உண்டு. ஓ.எஸ்.பி. பலகை ஈரம் குடித்து விரியும் என்பதால், பலகை விளிம்புகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு அடிக்கச் சொல்கிறார்கள். நெருக்கி அடிப்பதே நேர்த்தி என்று பழகிய தச்சர்கள் இந்த விதியோடு மல்லுக்கட்டுவது வழக்கம்.

ஜூனோ கூரைகளில் நடந்தது

ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் ஐந்து கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். சமையலும் குளியலும் மூச்சும் நடக்கும் வீட்டுக்குள் 20 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், ஒவ்வொரு கன மீட்டரிலும் எட்டரை கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று ஓர் இணைப்பு வழியாகக் கசிந்து உறைநிலையில் உள்ள வெளிப்பலகையைத் தொட்டால், கிட்டத்தட்ட நான்கு கிராம் அங்கேயே நீராக இறங்கிவிடும். வெப்பக்காற்று மேலே எழும் என்பதால் கசிவு அதிகமாக இருப்பது முகட்டருகில்தான்.

ஜூனோ குளிரும் தொடர்மழையும் உள்ள கடலோர நகரம். அங்கே மக்கிய கூரைகளைத் திறந்து பார்த்தபோது சிதைவு பேனலின் நடுவில் இல்லை. இணைப்புக் கோடுகளை ஒட்டி, மேற்புற ஓ.எஸ்.பி. பலகையில் இருந்தது. கூரைமேல் பெய்த மழை உள்ளே வந்ததைவிட, வீட்டுக்குள்ளிருந்து மேலே போன காற்றே முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இணைப்புகளின் உட்பக்கம் சரியாக அடைக்கப்படவில்லை. பேனலை வாங்கியவர்கள் கெட்டியான, காற்றுப் புகாத பொருளைத்தான் வாங்கினார்கள். பேனல் இருந்த இடத்தில் எல்லாம் அதன் பலன் கிடைத்தது, இணைப்பு அடைபடாத சில சென்டிமீட்டர்களில் கூரை மக்கியது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிச் சென்று அங்கேயே நிலைத்துவிட்டால் பூஞ்சைக்கு வேறு அழைப்பு தேவையில்லை. அதன் பிறகு, இணைப்புகளின் உட்பக்கத்தில் தனி நாடா ஒட்டுவதும், கூரைப் பேனல்களுக்கு மேலே காற்றோடும் இடைவெளி விட்டு மேற்கூரை போடுவதும் பரிந்துரையாயின.

வார்சா வீடுகள் ஏன் தப்பின?

பின்லாந்தில் 1940இல், சோவியத் ஒன்றியத்தோடு நடந்த குளிர்காலப் போரில் வீடிழந்தவர்களுக்கு வீடு செய்வதற்காக மர ஆலைகள் ஒன்றுகூடிப் பூட்டாலோ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. போரின் முடிவில் சோவியத் ஒன்றியத்துக்குப் பின்லாந்து இழப்பீடு செலுத்த வேண்டியிருந்தது; அந்த இழப்பீட்டின் ஒரு பகுதி மரவீடுகளாகவே போனது. சோவியத் ஒன்றியம் அவற்றில் ஒரு பங்கைத் தரைமட்டமாகிக் கிடந்த வார்சாவுக்குத் திருப்பிவிட்டது. நகரின் நடுவே யாஸ்தூவ் பகுதியில் நிறுத்தப்பட்ட வீடுகளில், தலைநகர் மறுகட்டமைப்பு அலுவலகத்தின் ஊழியர்கள் குடியேறினார்கள். சில ஆண்டுகளுக்கு என்று நினைத்து நிறுத்தியவை அவை. ஏறக்குறைய தொண்ணூறாக இருந்தவற்றில் முப்பதுக்கும் குறைவானவை எஞ்சியுள்ளன. சிலவற்றில் குடும்பங்களும் சிலவற்றில் பண்பாட்டு அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே வீடுகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு நகர மையத்தின் நிலமதிப்பும் காரணம் என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து மரத்தின் ஆயுளை அளக்கக்கூடாது.

அக்கால வீடுகள் இன்றைய அளவுகோலில் காற்றுக் கசியும் வீடுகள். குளிர்காலத்தில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் இடுக்கில் ஈரம் படிந்தால், அதே இடுக்கு வழியாக அது காய்ந்தும் போகும். இருபுறமும் பிசின் பலகையால் மூடி நடுவே நுரை அடைத்த சுவரில் நுழைந்த ஈரத்துக்கு வெளியேற வழி குறைவு. ஆகவே பழைய முறை சிறந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். பழைய சுவர் எரிபொருளை விழுங்கிக்கொண்டு தவறுகளைப் பொறுத்துக்கொண்டது. புதிய சுவர் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. பொறுமை மட்டும் அதற்குக் குறைவு. ஆலை வேலையின் துல்லியம் கூடக்கூட, மனையில் மிஞ்சும் சிறு வேலையில் பிழைக்கான இடம் சுருங்குகிறது என்பதே என் வாசிப்பு.

எடை குறைந்த வீடும் புயலும்

மணிக்கு 144 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ நூறு கிலோ அழுத்தம் தரும். அது கூரையின் மேல் இழுவிசையாக மாறினால், 48 சதுர மீட்டர் கூரையை நான்கரை டன்னுக்கு மேல் தூக்கப் பார்க்கிறது என்று தோராயமாகச் சொல்லலாம். கூரையின் சாய்வைப் பொறுத்து இது கூடும், குறையும். கான்கிரீட் தளம் தன் எடையாலேயே இதைத் தாங்கிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு நாற்பது கிலோ எடையுள்ள மரக்கூரைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கூரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து அடிச்சட்டத்துக்கும், அங்கிருந்து அஸ்திவாரத்துக்கும் அறுபடாத பிணைப்பு வேண்டும். கூரைப் பட்டையை விட்டுவிட்டு போல்ட்டை மட்டும் தடிமனாக்குவதில் பயனில்லை. நிலநடுக்கத்திலோ இதே எடைக்குறைவு நன்மையாகிறது: அசைய வேண்டிய பொருள் குறைவாக இருப்பதால் விசையும் குறைவு.

வெப்பநாட்டில் விதிகள் திரும்புகின்றன

குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுவர நினைப்பவர்கள் ஈரம் நகரும் திசையை மறந்துவிடுகிறார்கள். கடலோரக் காற்று 32 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருந்தால், ஏறத்தாழ 27 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். ஏசி ஓடும் அறையின் உட்பலகை 24 டிகிரியில் இருக்கும். எனவே வெளிக்காற்று இணைப்பு வழியாக நுழைந்தால் உட்பலகையின் பின்புறம் நனையும். பின்லாந்தில் உட்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை இங்கேயும் உட்பக்கம் ஒட்டினால், அந்த நீரைக் காயவிடாமல் பிடித்துவைத்ததாகிவிடும். காற்றுத்தடுப்பு வெளிப்பக்கம் இருப்பதே இங்கே முறை.

அடுத்தது கரையான். தெர்மோகோல் அதற்கு உணவில்லை. ஆனால் வெளிச்சம் படாமல் புற்றுவழி அமைக்க அதைவிட வசதியான இடமும் இல்லை. போரேட் உப்பு கலந்த நுரை, அஸ்திவாரத்தின் மேல் உலோகத் தடுப்புத் தகடு, வெளியே தெரியும்படி திறந்த அஸ்திவார விளிம்பு ஆகியவை தேவை. தீக்கும் தனி ஏற்பாடு வேண்டும்: நுரையை அப்படியே அறைக்குள் விடக்கூடாது, அரை அங்குல ஜிப்சம் பலகையாவது மறைக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விவாதம் முற்றிலும் புதியதல்ல. இலங்கையின் வடக்கு, கிழக்கில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 65,000 பொருத்து வீடுகள் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். அவை மரத்தால் ஆனவை அல்ல, இரும்புச் சட்டக வீடுகள். என்றாலும் கல்வீட்டைவிட அதிகமான செலவு, வெப்பம், ஆயுள், உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை இல்லாமல் போவது என்று அப்போது கேட்கப்பட்ட கேள்விகள் எந்தப் பேனல் வீட்டுக்கும் பொருந்தும்.

செலவுக் கணக்கு

விளம்பர விலை பெரும்பாலும் வீட்டின் வெளிக்கூட்டுக்கு மட்டும்: சுவர், கூரை, சில வேளை சன்னல். அஸ்திவாரம், லாரி வாடகை, கிரேன், மின்வேலை, குழாய்வேலை, கழிவுநீர்த் தொட்டி, உட்பூச்சு ஆகியவை வெளியே நிற்கும். மனையில் மிச்சமாகும் கூலி, ஆலையின் எந்திரத்துக்கும் கொட்டகைக்கும் போகிறது. அந்த எந்திரத்துக்கு நாள்தோறும் வேலை இருந்தால்தான் பேனல் மலிவாகும். வீட்டுச் சந்தையோ ஏறி இறங்கும் இயல்புடையது. வாக்ஸ்மனின் ஆலை இதில்தான் சிக்கியது. 2015இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, பெருமூலதனம் திரட்டி, மரப்பேனல் ஆலைகளை நிறுவிய காட்டெரா நிறுவனம் 2021இல் திவால் மனு கொடுத்தது. கூலி உயர்ந்த, கோடை குறுகிய, மரம் மலிந்த ஸ்வீடனில் இந்தக் கணக்கு நீண்டகாலமாகச் சரிவருகிறது. அந்த மூன்றும் இல்லாத இடத்தில் விரைவு ஒன்றுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் விற்பவரிடம் எழுத்தில் பெற வேண்டியவை நான்கு. இணைப்பின் குறுக்குவெட்டு வரைபடம், அதில் காற்றுத்தடுப்பு எந்தப் பக்கம் என்ற குறிப்போடு. அஸ்திவார மட்டத்துக்கு அனுமதிக்கும் பிசகு எத்தனை மில்லிமீட்டர் என்ற எண். கூரை முதல் அஸ்திவாரம் வரையான பிணைப்புக்குப் பொறியாளர் கையொப்பமிட்ட கணக்கு. பொருத்தி முடித்த பிறகு, உட்பலகை அடிப்பதற்கு முன்பே, விசிறி வைத்து அழுத்தம் ஏற்றிக் காற்றுக் கசிவைச் சோதித்துக் காட்டும் பொறுப்பு. உட்பலகை அடித்த பிறகு அதே கசிவைத் தேட வேண்டுமானால் சுவரைப் பிரிக்க வேண்டியிருக்கும்.